மருந்தடிக்க வந்தவர்களை நீ மறித்த நாள்

என் அடங்காப்பிடாரி அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. போன வாரம் வலங்கைமான் பக்கத்தில் ஒரு அங்கன்வாடியில் ஊசி போடும் நாள். பழைய நர்ஸம்மா வந்தால் தாய்மார்கள் தைரியமாக வருவார்கள் என்று கூப்பிட்டார்கள். மூளைக்காய்ச்சல் வராமல் இருக்க ஊசி, அம்மா! ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. உன் கொள்ளுப்பேத்தியும் வரிசையில் இருந்தாள். ஊசி போட்டவளை அவள் முறைத்த முறைப்பு அச்சு அசல் உன்னுடையது.

இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். ஒட்டாது என்றேன். பன்றி, கொக்கு, நாரை இவற்றின் ரத்தத்தில் அந்தக் கிருமி பெருகும். அவற்றைக் கடித்த கொசு நம்மைக் கடித்தால் நமக்கு வரும். நம்மிடமிருந்து அடுத்தவருக்குப் போகாது. இதையெல்லாம் கடகடவென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி முகம் கண்முன் வந்துவிட்டது.

அந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. அறுபத்தேழில் ஆட்சி மாறி, கூலியைக் கூட்டிக் கேட்கலாம் என்ற துணிச்சல் நம் தெருவுக்கும் வந்திருந்தது. அப்பா கூலித் தகராறில் ஜெயிலில் இருந்தார். குடிசை நம்முடையது, மனை மிராசுதாருடையது. சங்கத்தில் சேர்ந்தவன் எவனும் என் மனையில் இருக்கக்கூடாது என்று அவர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், அவர் ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வலிப்பும் கண்டது. சர்க்கார் ஆட்கள் நம் தெருவுக்கு வந்தார்கள். சட்டிபானையை வெளியே வையுங்கள், நீங்களும் வெளியே வாருங்கள், சுவருக்குக் கொசு மருந்து அடிக்க வேண்டும் என்றார்கள். நீ வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாய்.

"வெளிய வச்ச சாமான திரும்ப உள்ள வைக்க விடுவாங்கன்னு என்னய்யா நிச்சயம்? போயிட்டு வாங்க."

மரியாதையும் குறையவில்லை, கையும் இறங்கவில்லை. உன்னைப் பார்த்துத் தெருவே வாசலை மறித்தது. வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாளில் தம்பி படுத்தான். ஐந்து வயசு. காய்ச்சல், வாந்தி, தலை வலிக்கிறது என்று ஒரே அழுகை. அப்புறம் கழுத்து விறைத்தது, வலிப்பு வந்தது. ஆத்தா இறங்கியிருக்கிறாள், வேப்பிலை போதும் என்றவர்களைத் தள்ளிவிட்டு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டான்.

உன்னோடு சேர்ந்து மறித்தவர்களே அப்புறம் உன்னைச் சொன்னார்கள். மருந்தடிக்க விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்கும் என்றார்கள். மிராசுதார் ஆளுக்கே எதிர்ப்பேச்சு பேசும் நீ, அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

தெருவை விடு. நான் என்ன செய்தேன்? நர்ஸ் படிப்பு முடித்து வந்த புதிது, தலை கொஞ்சம் கனத்திருந்தது. ஏதோ ஒன்றுமில்லாத சண்டையில் நானும் சொன்னேன்.

"அன்னைக்கு நீ விட்டிருந்தா அவன் இருந்திருப்பாம்மா."

நீ அடுப்பை அணைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தாய். அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எத்தனை ராத்திரி அதை நினைத்தாய் அம்மா?

நீ போன மறு வருஷம் தஞ்சாவூரில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. கொசுவைப் பற்றிப் பாடம் எடுத்த அதிகாரி, மூளைக்காய்ச்சல் கொசு வயலில் நிற்கும் தண்ணீரில் முட்டையிடுவது, பொழுது சாய்ந்ததும் கடிக்க வருவது என்றார். நான் எழுந்து, சுவருக்கு மருந்தடித்தால் தடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"பெருசாப் பிரயோஜனம் இல்லம்மா. இது வீட்டுக்குள்ள தங்குற கொசு இல்ல. கடிச்சிட்டு வெளியில செடிகொடியில போய் உக்காந்துக்கும்."

அடுத்த கேள்வியை இன்னொருத்தி கேட்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கேட்டாயா? மருந்து அடித்திருந்தாலும் அந்தக் கொசு வயலிலிருந்துதான் வந்திருக்கும். ஒன்றில் மட்டும் நீ தப்பு. அந்த ஆட்களை மிராசுதார் அனுப்பவில்லை, அவர்கள் நல்லதற்குத்தான் வந்தார்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தால் வீடு போகும் என்று நீ பயந்தது நியாயமான பயம். பிறகு சட்டம் வந்து, குடியிருந்தவர்களுக்கே மனை என்று ஆனபோது, நம் தெருவில் ஒருவரும் மனையை இழந்திருக்கவில்லை.

இத்தனையும் தெரிந்தும் இவ்வளவு காலம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். போன வாரம் அங்கன்வாடியில் சொன்னேன். உன் பேரைச் சொன்னேன், தம்பி பேரைச் சொன்னேன், உன் மேல் பழி போட்டவர்களில் நானும் ஒருத்தி என்றும் சொன்னேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

ஒரு வாக்கு தருகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியை ஊர் குற்றம் சொல்கிறது என்று என் காதில் விழுந்தால், அது எந்த ஊராக இருந்தாலும் போவேன். பாடம் நடத்த மாட்டேன். முதலில் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். உன் பக்கத்தில் நான் உட்காரவில்லையே.

இப்படிக்கு,
உன் மூத்த மகள், அவனுக்கு அக்கா.