எழும்பாத பிரபு

அன்புள்ள அண்ணா,

இன்று காலை பெட்டியைத் திறந்ததுமே தும்மிவிட்டேன். மிளகாய்த்தூள் வாசனை. உங்கள் படத்துக்குப் பின்திரையாகத் தொங்கவிட்டோமே, அந்தச் சிவப்பு வெல்வெட் துணிதான். ஒடாஹுஹு புறநகரில் உங்கள் மளிகைக் கடையின் பின்னறையில் கிடந்த வாசம், எத்தனை முறை துவைத்தும் அதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் தன்னை வரையச் சொல்லி மவுண்ட் ரோஸ்கில்லுக்கு, நான் படம் வரையும் கராஜுக்கே வருகிறார். அவருக்கும் பழைய இத்தாலியப் பிரபு மாதிரிதான் வேண்டுமாம். அதற்காகத்தான் துணியை எடுத்தேன்.

உங்களுக்கு இந்த ஆசை பிடித்த நாள் ஞாபகம் இருக்கிறது. உங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்த பழக்கத்தில், உங்களையும் அண்ணியையும் நகர மையத்து ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே மறுமலர்ச்சிக் காலப் பிரபு ஒருவரின் படத்துக்கு முன்னால் நீங்கள் நின்றது நின்றதுதான், நகரவே இல்லை. நான் விடுவேனா? அந்தக் காலத்தில் நல்ல கறுப்புச் சாயத்துக்கு எவ்வளவு விலை, கையுறையைக் கையில் பிடித்திருந்தால் உடல் வருத்தி வேலை செய்யாதவர் என்று அர்த்தம், விலங்கு ரோமத்தில் தைத்த கழுத்துப்பட்டி எதற்கு, மோதிரம் எதற்கு என்று பாடமே எடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டீர்கள்.

"அதெல்லாம் சரி பிள்ளை. இந்த மனுசனைப் பாரும். ஆர் வந்தாலும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். எனக்கும் இப்பிடி ஒண்டு கீறித் தாரும்."

அண்ணி சிரித்துவிட்டார். "நீங்களோ? கடைமணி அடிச்சா சாப்பாட்டையும் விட்டுட்டு எழும்பி ஓடுற ஆள்!"

நீங்கள் சிரிக்கவில்லை. அகதியாக வந்த நாளிலிருந்து விசாவுக்கு நின்றது, வங்கியில் நின்றது, கல்லாவுக்குப் பின்னால் நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்து, "நிண்டது காணும், இனிப் போதும்" என்று முடித்தீர்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு உங்களை வரையாமல் என்னால் இருந்திருக்க முடியாது.

ஆனால் அண்ணி சொன்னதுதான் நடந்தது. கடையை விட்டு வரமாட்டேன் என்றதால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே துணியைக் கட்டி, உங்களைக் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தேன். வாடகைக்கு எடுத்த கறுப்பு மேலங்கி, உங்கள் மச்சானிடம் இரவல் வாங்கிய மோதிரம், எல்லாம் ஜோர். வாசல் மணி கிணுகிணுத்ததும் பிரபு எழுந்துவிடுவார். "நான் நிக்கிறன், நீங்கள் இருங்கோ!" என்று அண்ணி முன்னாலிருந்து கத்துவார். நீங்கள் அசடு வழிய உட்காருவீர்கள். தோள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். நான் அழித்து அழித்து வரைவேன்.

அப்படி ஒரு மதியம்தான் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் நேரே பின்னறைக்கே வந்து நின்றார். வாடகை ஒப்பந்தம் முடிகிறது, இடத்தை வேறொரு பெரிய கடைக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். உங்கள் வீட்டுச் சோறே அந்தக் கடைதான். அவர் வந்தாலே எழுந்து ஓடித் தேநீர் போடுகிறவர் நீங்கள். அன்றும் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து எழப் பார்த்தீர்கள். ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். எழவில்லை.

"முதலில் இருங்கள்" என்று உங்கள் கடை ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, மூலையில் இருந்த குட்டி ஸ்டூலைக் காட்டினீர்கள். மனிதர் உட்கார்ந்துவிட்டார்! இந்தத் தெருவுக்கு ஆட்கள் வருவது என் கடைக்காகத்தான், பக்கத்துத் தெருவில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், நான் போனால் அவர்களும் பின்னாலேயே வருவார்கள் என்றீர்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்று சொல்லிப் போனார். சொன்னபடியே கையெழுத்தும் போட்டார்.

"நிஜமாவே வேற இடம் பாத்து வெச்சிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. நான் எங்க சொன்னனான்? படத்தில இருக்கிற ஆள் எல்லோ சொன்னவர்!"

படத்தை முடித்துக் காட்டியபோது மோதிரம், திரை, அங்கி எல்லாம் பிடித்திருந்தது. கைகளைத்தான் உற்றுப் பார்த்தீர்கள்.

"கை ஏன் கதிரையை இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கு?"

"எந்திரிக்காம இருக்கத்தாண்ணா."

உங்கள் கைகளை ஒருமுறை குனிந்து பார்த்தீர்கள். பிறகு, "ஓம், அது நான்தான்" என்றீர்கள். இத்தனை வருடங்களில் என் வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் அண்ணா. அந்த இத்தாலியப் பிரபுவின் கை பூப்போலக் கிடந்தது. அவருக்கு உட்காருவது பிறப்பிலேயே வந்தது. நீங்கள் பிடித்து வைத்துக்கொண்டீர்கள்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போன பிறகு, மாலை போட சின்னதாக ஒரு போட்டோ போதும் என்றார்கள் உறவினர்கள். அண்ணி கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் பிரபுதான் தொங்குகிறார். அந்தக் கை வைத்த நாற்காலியை அவருக்குக் கீழே இழுத்துப் போட்டு, இப்போது அண்ணி அதில் உட்கார்ந்துதான் வியாபாரம் செய்கிறார். உங்களை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகை வருகிறது. ஆனால் அந்தக் கடைக்குள் நுழைந்தால் சிரித்துவிடுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கராஜ் மணி அடிக்கிறது. தலைவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் வந்தால் தூரிகையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். இன்றும் கால் எழத்தான் பார்த்தது. நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வாருங்கள்" என்றேன்.