நீ உட்கார்ந்திருந்த மூட்டை

அக்கா,

இன்று காலை கடையில் உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் துண்டு ஒன்றைத் தீக்குச்சியில் கொளுத்தினேன். மெழுகுவத்தி வாசனை வந்தது. "நல்ல சரக்குதான்க்கா" என்று திரும்பினேன். பின்னால் தராசு மட்டும் நின்றது. நீ போய் எட்டு நாளாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏழெட்டு வருடத்துக்கு முன், பழைய இரும்பையும் காகிதத்தையும் வாங்கத்தான் ஆள் உண்டு. உடைந்த வாளியும் குடமும் திருவொற்றியூர்க் கோடியிலுள்ள குப்பைப் பள்ளத்துக்குப் போகும். நீயும் இன்னும் சில பெண்களும் அவற்றைப் பொறுக்கி, கொளுத்தி, மோந்து பிரித்தீர்கள். "மெழுகுவத்தி நாத்தம் வந்தா உருக்கலாம். மூக்குல எரிஞ்சா மிஷினே பூடும், சேக்காத நைனா" என்பாய்.

புளியந்தோப்பில் வாளி வார்க்கும் ஒருவரைப் பேசிப் பிடித்தேன். முதல் லோடு சுத்தமாக இருந்தால் மாதாமாதம் எடுப்பார். இல்லையென்றால் அத்தனை பெண்களின் உழைப்பும் திரும்பப் பள்ளத்துக்குத்தான்.

எடை கொஞ்சம் குறைந்தது. புத்தியைக் காட்டினேன். யாருக்கும் தெரியாமல் ஒரு மூட்டையின் அடியில் கரண்ட் ஒயரிலிருந்து உரித்த தோலை, மூக்கில் எரியும் அதே வகையை, அடைத்து, மேலே நல்ல சரக்கைப் பரப்பிக் கட்டிவிட்டேன்.

வாளி வார்ப்பவர் அந்த மூட்டையின் வாயைத் தொடவேயில்லை. கவிழ்த்துப் போட்டு அடியைக் கிழித்தார். கொட்டியதெல்லாம் நல்ல சரக்கு! அதன் நடுவே, நீ தண்ணீர் பிடிக்கும் நீலக் குடம் நாலு துண்டாகக் கிடந்தது.

"இன்னாடா, பேயறஞ்சா மாரி நிக்கிற? உன் தோலு எங்க வூட்டாண்ட கீது. வந்து எடுத்துக்கினு போ" என்றாய் கூட வந்திருந்த நீ, காதோடு. அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கத்தில் நான் வந்து எடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பள்ளத்தில் கொட்டியிருப்பாய் என்றே நினைத்தேன்.

உன்னை எடுத்த அன்று, உன் வீட்டு வாசலில் நீ எப்போதும் உட்கார்ந்து சரக்குப் பிரிக்கும் சாக்கு மூட்டையை நகர்த்தினார்கள். பழசாகிப்போன சாக்கு கிழிந்தது. உள்ளே நான் அன்று அடைத்த அதே ஒயர் தோல். ஏழெட்டு வருடம் அதற்கு எதிரே குந்தி உன்னிடம் பேரம் பேசியிருக்கிறேனே!

உன் மகனிடம் கேட்டு அதைத் தூக்கி வந்துவிட்டேன். இதை எடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை பள்ளத்துக்கு அனுப்புவதாக இல்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.