ஷைனிக்கு ஒரு மடிக்கணினி

9-11-09, திங்கள்

காலையிலிருந்து மழை. கருங்கல் சந்தை முழுக்கச் சேறு. கடைக்குள் வருகிறவன் எல்லாம் குடையைப் பிரிண்டர் மேல்தான் சாய்க்கிறான். கரண்டு போனது, வந்தது, மறுபடி போனது.

வேலை: கல்யாணக் கார்டு ஒன்று (மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போச்சு என்று திரும்பி வந்தது). கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இரண்டு. கோயில் திருவிழா நோட்டீஸ், இன்னும் பிழை திருத்தம்.

மத்தியானம் குவைத்திலிருந்து ஷைனி. லீவு கிடைத்துவிட்டது! டிசம்பரில் வருகிறாள். ஒரு மாசம். கல்யாணமாகி நாலு வருஷம், சேர்ந்து இருந்தது ஒரு மழைக்காலத்துக்குக் காணாது.

"ஒரு சின்ன லேப்டாப் வாங்கி வையுங்க அத்தான். திரும்பும்போ கொண்டு போறேன்."

"அங்கயே கிடைக்குமே ஏட்டி."

"இஞ்ச வாங்கினா கீபோர்டுல அரபி எழுத்து கிடக்கும். நீங்க தமிழ் ஏத்தித் தாங்க. உங்களுக்குத் தமிழில எழுதணும் எனக்கு."

அவள் கேட்டவை: பத்து இஞ்சுக்கு மேல் வேண்டாம். காமிரா வேண்டும். சிவப்பு வேண்டாம். கனம் கூடவே கூடாது, பிளேனில் கைப்பைக்கு ஏழு கிலோதான் விடுவான். ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு எட்டு நர்ஸ், அதனால் போர்வைக்குள் வைத்துப் பேசுகிற அளவு இருக்க வேண்டும்.

கடைசியில் எப்போதும் கேட்பதைக் கேட்டாள். "நீங்க இஞ்ச வருவியளா?" எப்போதும் சொல்வதைச் சொன்னேன். "பாப்போம்."

11-11-09, புதன்

தூறல். சிநேகிதியின் பெரிய லேப்டாப்பை இரவல் வாங்கி ஷை. வீடியோவில் வந்தாள். நான் கடைக் கம்ப்யூட்டரில். முகம் பாதி வந்து உறைந்து நின்றது, கண் மூடினபடி. அதையாவது பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். கண்ணீர் அஞ்சலி வாங்க வந்த பெரியவர் என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "சுகமா மோளே? அங்க சூடு எப்படி?" என்றார். அவள் அவருக்குப் பதில் சொல்லி முடிக்கவும் லைன் போகவும் சரியாக இருந்தது. பெரியவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை, இறந்தது அவருடைய தம்பி.

கடைக்கு வெளியே யாரோ யாருக்கோ வழி சொன்னது: "அந்த நர்ஸுக்க மாப்பிள்ளை கடைக்க பக்கத்தில." ஆறு வருஷமாக என் பெயர் போட்ட போர்டு மாட்டியிருக்கிறேன். யாரும் வாசிப்பதில்லை.

14-11-09, சனி

கடைக்கு லீவு. பஸ் பிடித்து நாகர்கோவில், வடசேரியில் இறங்கி நடந்தே மூன்று கம்ப்யூட்டர் கடை.

முதல் கடையில் சின்னது என்றதுமே பதினைந்து இஞ்சை எடுத்து வைத்தான். இரண்டாவதில் பூட்டிய கண்ணாடி அலமாரி, சாவி முதலாளியிடம், முதலாளி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். மூன்றாவதில் வரிசையாக வைத்திருந்தார்கள், வெள்ளை, கறுப்பு, ஒரு கடல் நீலம். சிறிய ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்தது போல.

விற்கிற பையனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. "சிடி போட முடியாதுண்ணே. ஸ்பீடும் கிடையாது. நீங்க டிடிபிக்கா கேக்கிய?" என்றான். எனக்கில்லை என்றேன். ஒவ்வொன்றிலும் அவள் பெயரை அடித்துப் பார்த்தேன். வெள்ளையில் ஷிப்ட் விசை கடுகு அளவு, 'ஷை' வருவதற்குள் சுண்டுவிரல் சுளுக்கிவிடும். கறுப்பில் விரல் ரேகை அப்படியே பதிகிறது. கடல் நீலம் கொள்ளாம், விரல் தாராளமாக விழுகிறது. மூடினால் டப் என்று மெதுவாக ஒரு சத்தம், அதைக் கேட்க நாலைந்து தடவை மூடித் திறந்தேன்.

அதிலும் இரண்டு வகை. பேட்டரி சின்னது, பேட்டரி பெரியது. பெரியது இரண்டு பங்கு நேரம் நிற்கும், ஆனால் பின்பக்கம் கூன் விழுந்த மாதிரி துருத்துகிறது, கனமும் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று தராசில் போட்டுக் காட்டு என்றேன். "இது என்ன மீன்கடையா?" என்றான். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட். மூக்குத்தி போட்ட ஒருத்தி அவள் சாயலில். ஊர் வரும் வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

21-11-09, சனி

வாங்கிவிட்டேன். கடல் நீலம், சின்ன பேட்டரி. ஹாஸ்டலில் கட்டிலுக்குக் கட்டில் பிளக் இருக்கிறது, பெரிய பேட்டரி எதற்கு?

பெட்டியில் போட்டிருக்கும் எடையை நம்புகிற ஆள் நானில்லை, அதில் சார்ஜரைச் சேர்த்திருக்க மாட்டான். நேராகத் தங்கப்பன் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. வெங்காயத் தட்டைத் துடைத்து, மேலே பேப்பர் விரித்து, லேப்டாப்பை வைத்தார். சார்ஜரையும் வைத்தார். ஒன்றரைக் கிலோ தொடவில்லை.

"இதே சாதனம் கனமாட்டு உண்டா மக்கா?"

"உண்டு. பெரிசு. இதைவிட இரட்டிக் கனம்."

"அதுக்கு விலை?"

கொஞ்சம்தான் கூடுதல் என்றேன். அண்ணாச்சிக்கு என் மேல் உண்மையான வருத்தம். "கனம் இல்லாத்த சாமானுக்கா போய் பைசா குடுத்த? ஒனக்க புத்தி எங்க போச்சு?" அவர் ஆயுசில் எதையும் கனம் பார்க்காமல் விற்றதில்லை. அந்த மிச்சக் கனத்துக்கு ஷை. ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டு போவாள் என்று விளக்கினேன். "அப்போ செரி" என்று சிப்ஸுக்கு இப்போதே ஆர்டர் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அம்மை. "இதுக்கு என்ன பேரு?" பேப்பரில் மடிக்கணினி என்று போடுகிறார்கள் என்றேன். அம்மை சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. எங்கள் பக்கம் மடி என்றால் சோம்பல், ஒரு காரியத்துக்கு இறங்கத் தயக்கம். "மடி பிடிச்சவனுக்க கணினியா? அப்போ ஒனக்குள்ளதுதான் மக்கா, அவளுக்கு என்னத்துக்கு?"

27-11-09, வெள்ளி

வெயில் தலை காட்டியது. துணி எல்லாம் காய்ந்தது.

தமிழ் எழுத்துரு ஏற்றியாயிற்று. வேதாகமம், பாட்டுகள், வீட்டுப் படங்கள் (பலா மரம், கிணறு, அம்மை, வாசலில் படுத்த நாய்). திரையின் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கவில்லை, அது அவள் கிழிக்க வேண்டியது.

கடையில் இருக்கிற கம்ப்யூட்டர் எனக்குச் சோறு போடுகிறது, ஆனால் அதன் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை. இதைச் சும்மா கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். அடுக்களைக்குப் போகும், கட்டிலுக்கு வரும். கொஞ்ச நேரம் ஓடினால் மடியில் இளஞ்சூடு. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம் போல. மூடி, பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஒன்று தெரிகிறது. இது நன்றாக வேலை செய்யச் செய்ய அவளுக்கு அங்கே இருப்பது எளிதாகும். இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு மூன்று வருஷம். அதற்கு நானே கனம் குறைத்துக் கொடுக்கிறேன்.

19-12-09, சனி

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். எழுத நேரமில்லை.

4-1-10, திங்கள்

பனி. ஷை. இன்னும் தூங்குகிறாள்.

பிளாஸ்டிக் தாளை வந்த அன்றே கிழித்தாள், ஒரே இழுப்பில். எனக்குத்தான் பகீர் என்றது. "கொள்ளாம் அத்தான். எனக்க கைக்கு அளவெடுத்த மாதிரி." இரண்டு விரலால் அடிக்கிறாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறாள். வாசிக்க விடுவதில்லை.

நேற்று பூசை முடிந்து வரும் வழியில் மறுபடி கேட்டாள். விசிட் விசாவுக்கு ஆஸ்பத்திரியில் கடிதம் தருவார்களாம். முதலில் நீங்கள் பாஸ்போர்ட் எடுங்கள் என்றாள். இந்த ஊரில் பாஸ்போர்ட் இல்லாத ஆம்பிளை நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

கடை இருக்கிறது என்றேன். "பூட்டினா போச்சு." அம்மை தனியாக என்றேன். பின்னால் வந்த அம்மை, "நான் என்ன பச்சப்பிள்ளையா? ஒனக்க அக்கா வீடு ரெண்டு வளவு தள்ளித்தானே?" என்று காலை வாரிவிட்டாள்.

"உங்களுக்கு வர மடி" என்றாள் ஷை. கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மடிதான். அங்கே போய் நர்ஸுக்க மாப்பிள்ளையாக ஹாஸ்டல் வாசலில் நிற்பதை நினைத்தால் கால் வரவில்லை. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

15-1-10, வெள்ளி

மூட்டை கட்டும் நாள். பெரிய பெட்டியில்: மீன் அச்சாறு, தேங்காய் எண்ணெய், கருப்பட்டி, மரச்சீனி வற்றல், ஹாஸ்டல் ரூமில் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று அம்மை கட்டின பொதி. பூட்டி, கயிறு கட்டியாயிற்று. கைப்பையில் லேப்டாப், சார்ஜர், சிப்ஸ், மாத்துத் துணி.

கைப்பையைத் தங்கப்பன் அண்ணாச்சி தராசில் வைத்தால் ஏழு கிலோவைத் தாண்டுகிறது. துணியை எடுத்தோம். தாண்டுகிறது. சார்ஜரை எடுத்தோம். முள் சரியாக நின்றது. சிப்ஸில் கை வைக்க அண்ணாச்சி விடவில்லை. "அது நான் போட்ட பொதியாக்கும்!"

ராத்திரி சாப்பிட்டதும் எல்லாரும் சீக்கிரம் படுத்துவிட்டோம். நாய்கூட.

16-1-10, சனி

திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரை போய் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு மூடியபிறகும் நின்றேன். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார்.

வீடு முழுக்க அவள் சோப்பு வாசனை. குளிக்கப் போகவில்லை.

18-1-10, திங்கள்

கடையில் டிபன் எடுக்கத் தோள்பைக்குள் கை விட்டேன். சார்ஜர்.

தராசிலிருந்து எடுத்து, பெரிய பெட்டியில் போட்டுவிடலாம் என்று என் பையில் வைத்தது. பெட்டி அப்போதே பூட்டியாயிற்று. என் தோளில் தொங்கிக்கொண்டு திருவனந்தபுரம் வரை போய், அவளை அனுப்பிவிட்டு, என்னோடு பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறது. கனம் பார்த்துப் பார்த்து வாங்கின முட்டாள், தோளில் கிடந்த கனம் தெரியவில்லை. சின்ன பேட்டரி போதும் என்ற மகா புத்திசாலியும் நான்தான்.

போனில் கூப்பிட்டேன். டியூட்டி, எடுக்கவில்லை.

19-1-10, செவ்வாய்

விடிந்ததும் கடை. ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன். வந்தாள். போர்வைக்குள், திரை வெளிச்சம் மட்டும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. மூக்குத்திகூடத் தெரிந்தது.

"ஏட்டி, சார்ஜர்..."

"தெரியும். வந்த அன்னைக்கே பாத்தேன்." குசுகுசுவென்று, மற்றவர்கள் தூங்குகிறார்கள். "வேற ஒண்ணுக்கும் திறக்கேல்ல. உங்களுக்குண்ணு அணைச்சு வச்சிருந்தேன்."

மேலத்தெரு ஜார்ஜ் அடுத்த வாரம் குவைத்து போகிறான், கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அங்கே கடையில் கிடைக்குமே என்றேன்.

"கிடைக்கும். வாங்க மாட்டேன்."

பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சிவப்பு ஆயிட்டு என்றாள். பேசினால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது போல இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அப்படி ஒன்றும் தீராது, எனக்குத் தெரியும், இதுதானே என் தொழில். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே பால் வண்டி போனது. இவளை விட்டுவிட்டு இங்கே யாருக்காகக் கல்யாணக் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அப்படியே சொல்லிவிட்டேன். நர்ஸுக்க மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள், அதுதான் மடி என்றும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "பின்ன, நீங்க நர்ஸுக்க மாப்பிள்ளைதானே அத்தான்?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சார்ஜரை நீங்களே கொண்டு வாங்க. அது ஒண்ணும் கனம் இல்லையே" என்றாள்.

திரை கறுத்துவிட்டது.

20-1-10, புதன்

வெயில். நாகர்கோவில், வடசேரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ. வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூல். என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே போட்டோக்காரர் கேட்டார்.

"பாஸ்போர்ட்டுக்கா? கல்ஃபில என்ன வேலைக்கு?"

"வேலைக்கில்ல. ஒரு சார்ஜர் குடுக்கணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். காமிராவுக்குப் பின்னால் குனிந்தார், நிமிர்ந்தார்.

"சிரிக்காதீங்க. சிரிச்சா பாஸ்போர்ட் ஆபீஸில எடுக்க மாட்டான்."

திரும்பவும் எடுத்தார். திரும்பவும்.