தாழைத்துறைக் கொற்றியும் நுழைவுத் தேர்வு வினாக்களும்

வாழ்க மழை; வளர்க வெண்கோடு. மூவாற்று நிலமும் ஒரு குடைக்கீழ் ஆளும் வெண்கோட்டு வேந்தரின் திருவாணைப்படி, பேரமைச்சர் ஆவூர் நன்மாறனார், தாழைத்துறை நாட்டை இனிது புரக்கும் கடற்காவலர் எயினங்கோ அவர்களுக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நலமே கரைசேர்க. தங்கள் மனையும் மக்களும் நீடு வாழ்க.

தங்கள் நாட்டில் கலம் கட்டும் குடியில் பிறந்த கொற்றி என்னும் பெண் தலைநகரில் சிறைப்பட்டாள் என்று அங்கே பேச்சு உலவுவதாக அறிந்தோம். நடந்ததைத் தாங்கள் உள்ளபடி அறிய வேண்டும்.

வானநூல் பயில விரும்பிய கொற்றி, பெருங்கல்லூரியின் நுழைவுத் தேர்வை இருமுறை எழுதித் தோற்றாள். விண்மீன் கணக்கில் அவளுக்குக் குறையில்லை. வினாவை எந்த முறையில் கேட்பார்கள், எதற்கு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைநகர்ப் பிள்ளைகளோ முந்தைய ஆண்டுகளின் வினாக்களைத் தம் ஆசிரியர் வீடுகளில், நேரம் அளக்கும் நாழிகை வட்டிலை வைத்து எழுதிப் பழகியிருந்தார்கள். அவ்வினாக்களைத் தானும் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, அவை வெளியார்க்கு உரியவை அல்ல என்று தேர்வுத் தலைவர் பெருஞ்சாத்தனார் மறுத்துவிட்டார்.

அன்று அவள் சத்திரத்தில் அழுதாள். ஊர் திரும்ப மூட்டையும் கட்டினாள். ஆனால் அதே சத்திரத்தில் தோற்ற முகத்தோடு அமர்ந்திருந்த பிற நாட்டுப் பிள்ளைகளைக் கண்டதும் மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொருவரிடமும் சென்று, நினைவில் நின்ற வினாக்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். சத்திரத்து முற்றத்திலேயே வட்டிலை வைத்து, வந்தவர்களோடு அவளும் ஆண்டு முழுதும் எழுதிப் பழகினாள். பிழை செய்த இடங்களை அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டனர்.

அடுத்த தேர்வு நாளன்று, வினாக்களைத் திருடினாள் என்று பெருஞ்சாத்தனார் முறையிட, காவலர் அவளை வாயிலிலேயே தடுத்து நிறுத்தினர். உடன் எழுதிப் பழகியவர்கள் உள்ளே சென்றார்கள், பலர் தேறினார்கள். அவள் அவைக்கு அழைத்துச் செல்லப்பட்டாள்.

வேந்தரே விசாரித்தார். "எழுதிவிட்டு வந்தவர்கள் சொன்னதைக் கேட்டேன், வேந்தே. முடிந்துபோன தேர்வில் திருட என்ன இருக்கிறது?" என்றாள் கொற்றி. அவள்மேல் குற்றமில்லை எனத் தீர்ப்பாயிற்று. தேர்வின்றியே அவளுக்கு இடம் தர வேந்தர் முன்வந்தார். அவள் ஆசையை முகம் மறைக்கவில்லை. ஆயினும், "அப்படி நான் போனால், என்னோடு எழுதிப் பழகியவர்களும் அப்படித்தான் போனார்கள் என்பார்கள். எழுதியே போகிறேன்" என்று விண்ணப்பித்தாள்.

ஆகவே வேந்தர் ஆணை இது. முந்தைய வினாக்கள் அனைத்தும் ஒவ்வொரு நாட்டு மன்றத்திலும் யாவரும் காண வைக்கப்பட வேண்டும். அங்கே ஒரு நாழிகை வட்டிலும், ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியரும் இருத்தல் வேண்டும். தேர்வுக்கு வருவோர்க்குத் தலைநகர்ச் சத்திரத்தில் உணவும் உறையுளும் உண்டு. வினாக்களின் படிகள் இவ்வோலையோடு வருகின்றன. மன்றத்தை உடனே திறந்துவிடுக. தடுப்பவர் வேந்தரைத் தடுத்தவர் ஆவர்.

வரும் தைத் தேர்வின் வினாக்களை இதுவரை இல்லாத அளவு கடினமாக அமைக்கப்போவதாகப் பெருஞ்சாத்தனார் அவையில் அறிவித்தார். கொற்றி அவரை வணங்கி, "அமையுங்கள் ஐயா, எல்லோருக்கும் ஒன்றுபோலக் கடினமாக இருந்தால் சரி" என்றாள்.

அவள் பெற்றோரை அழைத்து, மகள் நலமென்றும், தேறிய பிறகே ஊர் வருவாளென்றும் தாங்களே நேரில் சொல்லுக.

வெண்கோட்டு யானை இலச்சினை இட்டோம். நலமே விளைக.