உன் பாஸில் உள்ளே போனவன்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

ஜெரால்டுக்கு, குப்புராஜ் நைனா சொல்ல மருமகள் ஜோதிலட்சுமி எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்லி ஊரே பேங்க் வாசலில் நின்ற வருஷம் அது. அதே வருஷம்தான் வர்தா புயல் அடித்து, சிப்காட் முழுக்கக் கரண்ட் கம்பம் சாய்ந்து கிடந்தது. என் பிள்ளை பச்சையப்பன் செத்தது எந்த வருஷம் என்று ஹெலனம்மா கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். அவளே புரிந்துகொண்டு எழுதிக்கொண்டாள்.

ஹெலனம்மா, கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு இருக்கிற வக்கீல். இத்தனை வருஷம் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிணத்தை எடுத்த அன்றே கதவு மூடிவிட்டது என்று உட்கார்ந்திருந்தோம். காண்டிராக்டர் வேலையாள் பெயரைப் பதியாவிட்டால் அது காண்டிராக்டர் தப்பு, வேலையில் செத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கு உரிமை போகாது என்று அவள்தான் சொன்னாள். காலம் கடந்ததற்கும் காரணம் சொல்லி மனு போட்டிருக்கிறாள். பெண் என்பதால் ஜோதிலட்சுமிக்கு வக்கீல் செலவும் இல்லையாம்.

ஆனால் பச்சையப்பன் அன்றைக்கு வேலைக்குத்தான் உள்ளே போனான் என்று யாராவது சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நோட்டுத் தட்டுப்பாட்டில் கூலி கொடுக்க முடியவில்லை என்று காண்டிராக்டர் பாதி ஆட்களின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டான். பச்சையப்பனுக்குப் போனது, உன்னது மட்டும் தப்பியது. நீ போகாத நாளில் உன் பாஸில் அவன் போவான். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் காண்டிராக்டர் கண்டுகொள்ள மாட்டான். எல்லோரும் செய்ததுதான். அதை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது உன்னால்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கோயில் பாட்டுக் குழுவோடு போக வேண்டும் என்று காலையிலேயே வந்தாய். வாசலில் நின்றே பாஸைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாய். "இன்னிக்கி நீதான்டா ஜெரால்டு. எவனாவது ஜெபம் பண்ணச் சொன்னா முழிக்காதே" என்றாய். ஜோதிலட்சுமி சிரித்துக்கொண்டே உனக்கு டீ கொடுத்தாள். இதை எழுதும்போது அவள் பேனா நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து எழுதுகிறாள்.

கேட்டில் வாட்ச்மேன் துளசிராமன் பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்து, "இன்னா ஜெரால்டு, ஒரே ராத்திரியில மீசை மொளச்சிக்கினு வந்துட்டே?" என்று கேட்டு உள்ளே விட்டாராம். பிறகு அவரே என்னிடம் சொல்லி அழுதார். புயல் மழையில் ஊறிக் கிடந்த பழைய இரும்பைக் காயவிடாமல் உலையில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினார்கள். உலை வெடித்தது.

நீ ஓடி வந்தாய். பாடையில் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் உலையில் அவனோடு நின்ற ராபின். சுடுகாட்டில் என்னைக் கட்டிக்கொண்டு, "நைனா, என் பாஸ்லதான் போனான்னு நானே சொல்றேன். நீ இன்னாத்துக்கும் பயப்படாதே" என்றாய்.

விசாரணைக்கு வந்த ஆபீசர் முன்னால் நீ நின்றபோது நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய், பச்சையப்பன் எடுத்துக் கொடுத்தது. "ஷிப்ட்ல இருந்தது நான் சார். அவன் இரும்பு திருட செவுரு ஏறி வந்தான்" என்றாய். பொங்கலுக்குள் உனக்குக் கம்பெனியிலேயே நிரந்தர வேலை ஆயிற்று. பிறகு ஓசூருக்கு மாற்றிப் போனாய். போகும்போது எங்கள் தெரு வழியாகப் போகவில்லை.

வேலைக்காகச் சொன்னாய் என்றால் கூடப் புரிந்துகொள்வேன். அவன் எப்படி உள்ளே வந்தான் என்று தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கலாமே. திருடன் என்று ஏன் சொன்னாய்? பேத்தி காயத்ரி பள்ளிக்கூடத்தில் இருந்து அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு நீ மாமா.

போன வாய்தாவில் நான் சாட்சி சொன்னேன். "பிள்ளைக்கு அப்பன் வேற எப்படிச் சொல்வான்?" என்று எதிர் வக்கீல் சிரித்தார். அடுத்த வாய்தா பொங்கல் கழிந்து முதல் செவ்வாய்க்கிழமை. நீ வந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொன்ன பொய்க்கு உனக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுவாய். ஒன்றும் ஆகாது என்று ஹெலனம்மா சத்தியம் பண்ணவில்லை. தொழிலாளி என்பதால் உனக்கும் இலவசமாகவே தனி வக்கீல் வைத்துத் தரக் கேட்கலாம் என்றாள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உன் தங்கை பிரின்சிதான் இந்த அட்ரஸைக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்தாள்.

உன் பிள்ளைகளை யாரும் ஒரு சொல் சொல்லாமல் கடவுள் காப்பாற்றட்டும். வந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு. அதை எழுத மாட்டேன் என்றாள் ஜோதிலட்சுமி. பிறகு எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
நீ நைனா என்று கூப்பிட்ட குப்புராஜ்
(இடது பெருவிரல் ரேகை)

ரேகை வைத்த பிறகு இன்னொன்று ஞாபகம் வருகிறது. நேற்று ஹெலனம்மா ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். துளசிராமன் கொரோனாவில் போனார் என்றேன். காண்டிராக்டர் லாரி மோதிப் போனான். ராபினைப் போன ஆடியில் அடக்கம் செய்தோம், மூச்சிரைப்பு. அப்படியானால் அவன் உள்ளே போனது தெரிந்த, உங்கள் குடும்பத்தில் சேராத ஆள் யார்தான் மிச்சம் என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் சேராத ஆள் என்று அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜோதிலட்சுமிதான் சொன்னாள்: ஜெரால்டு.