தேர் வடமும் மோர்க்குடமும்

அன்புள்ள மகள் துஷானிக்கு,

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்பாள் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், நீயும் கனடாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுவார், அவரைப் பற்றி அவருக்கு முன்னாலேயே எப்படிச் சொல்வது, அதுதான் எழுதுகிறேன்.

போன வருடம் தேரன்று அப்பா வடத்தைப் பிடித்தபடியே வெயிலில் சுருண்டு விழுந்ததும் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உனக்குத் தெரியும். இன்னொரு முறை இப்படி நடந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டர் கிறிஸ்ரினா முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டாரா உன் அப்பா? இந்த வருடமும் வடம் பிடிக்கிறாராம். யாழ்ப்பாணத்து வெயிலிலை செருப்பில்லாமல் திரிஞ்சனான், இந்த ஜெர்மன் வெயில் என்னை என்ன செய்யும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வீரம் பேசுகிறார். நீ விளங்கப்படுத்தியதை நானும் விடாமல் சொல்லிப் பார்த்தேன், உடம்பு வெக்கைக்குப் பழக இரண்டு கிழமை வேண்டும், பழகியதை மறக்க ஒரு மாதமே போதும், முப்பத்தைந்து வருடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த உடம்பில் யாழ்ப்பாணம் எங்கே மிச்சமிருக்கிறது என்று கேட்டேன். வயது போனால் தாகமும் தெரியாது, பிரஷருக்குப் போடுகிற குளிசை வேறு உள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றிவிடும் என்றேன். அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார்.

சரி, மனுசனைத் திருத்த ஏலாது, தேரைத் திருத்துவோம் என்று முடிவெடுத்தேன். கோயில் கூட்டத்தில் எழும்பி, மத்தியானம் வேண்டாம், காலை ஏழு மணிக்குத் தேர் இழுப்போம் என்றேன். செயலாளர் குருமூர்த்தி அண்ணை உன் அப்பாவுக்கு மேலால் பிடிவாதம். பன்னிரண்டு மணிக்குத்தானே வருசா வருசம் பொலிஸ் வீதியை மறிச்சுத் தாறது தங்கச்சி, இனிப் புதுசா அன்ராக் எழுதி விண்ணப்பிக்க ஏலாது என்றார். நான் விடுவேனா? ஞாயிறு பூசை முடிந்து நின்றவரை அப்படியே வீதிக்குக் கூட்டிக்கொண்டுபோய், நீ அனுப்பிய வெப்பமானியைத் தாரின் மேல் பிடித்தேன். ஐம்பத்தெட்டு காட்டியது. எதிர்ப்பக்கத்து மரநிழலில் முப்பத்தொன்று. மெசின் பிழை என்றார் மனுசன். அப்ப ஒருக்கால் செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ அண்ணை என்றேன். ரோசத்தில் நின்றார், பாவம், அடுத்த நிமிடம் மரத்தடிக்கு ஓடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மற்ற நாளே அன்ராக் போட்டவரும் அவர்தான். காலையில் வீதி கிடைத்துவிட்டது, காலை முகூர்த்தம் இன்னும் விசேஷம் என்று ஐயரும் சொல்லிவிட்டார். தேருக்கு முன்னால் வீதி முழுக்கத் தண்ணீர் தெளிக்கப் போகிறோம். காயும்போது தண்ணீர் சூட்டையும் கொண்டுபோகும் என்று நீ சொன்னதை நான் என்னுடைய கண்டுபிடிப்புப் போலச் சொல்லித் திரிகிறேன், கோபிக்காதே. வயது போன ஒவ்வொருவரோடும் ஓர் இளம் ஆள் கூட நடக்கவும் ஒழுங்கு செய்தாயிற்று.

இவ்வளவு செய்தும் ஒன்று மட்டும் என் கையில் இல்லை. தேர் இருப்பிடத்துக்குத் திரும்பி வரும்வரை அப்பா பச்சைத் தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. அது அவருடைய வழக்கமான விரதம் என்றுதான் நினைத்திருந்தேன். போன கிழமை சண்டை பிடித்தபோதுதான் வாய் திறந்தார், அது நேர்த்திக்கடனாம், நீ கனடாவுக்குப் போன வருடம் வைத்ததாம், உன் ஆராய்ச்சி நல்லபடி முடிந்து பட்டம் எடுக்கும்வரைக்குமாம். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வெயில் மனிதரை என்ன செய்யும் என்று மகள் அங்கே படிக்கிறாள், அந்தப் படிப்புக்காகத் தகப்பன் இங்கே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்! ஐயரிடம் ஓடினேன். அம்பாளுக்குப் படைத்த மோர் பிரசாதம், அதைக் குடித்தால் நேர்த்திக்கு ஒரு குறையும் வராது என்றார். வந்து சொன்னால், பிள்ளைக்கு வைத்த நேர்த்தி, பிள்ளை சொல்லட்டும் பார்ப்பம் என்கிறார் உன் அப்பா.

ஆகையால் தேருக்கு முதல்நாள் நீ அவருக்குப் போன் எடுக்க வேண்டும், மறந்துவிடாதே. ஆராய்ச்சி விளக்கம் ஒன்றும் வேண்டாம், அதை நான் சொல்லிக் களைத்துவிட்டேன். அப்பா, எனக்காகக் குடியுங்கோ என்று மட்டும் சொல்லு. அம்பாள் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பெயரையும் தரட்டும், பட்டமும் தரட்டும். அன்றைக்கு மோர்க்குடத்தோடு வடத்துக்குப் பக்கத்தில் நான் நடப்பேன், அதிலிருந்து என்னை ஒருவரும் விலக்க ஏலாது. ஆனால் அவர் வாயைத் திறக்கப் போவது உன் சொல்லுக்குத்தான்.

உன்னை என்றும் நினைத்திருக்கும் அம்மா,
கமலாம்பிகை கணேசலிங்கம்