அப்பா வீட்டு அறை

லாகோஸ், 1956 மார்ச் 12

காராமணி சரியாக ஊறவில்லை. ஆனாலும் வடை சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிட்டது. துறைமுகத்து ஆட்கள் நின்றபடியே தின்றுவிட்டு ஓடினார்கள். பிறகு நகர வாரியத்து ஆள் வந்து எங்கள் சுவரில் சுண்ணாம்பால் எண் போட்டார். தெருவையே இடிக்கப் போகிறார்களாம். இது சேரியாம்!

"வெள்ளைக்காரன் போகப் போறான்மா. நாலு நாட்டுக்காரன் வந்து பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?" என்றார். அவரும் எங்கள் யோருபா இனத்து ஆள்தான்.

மார்ச் 15

வாடகை வீடா இது? அப்பா கட்டியது. மகளுக்கும் இதில் ஓர் அறை உண்டு என்பது எங்கள் வழக்கம். அந்தத் தைரியத்தில்தானே என் கணவர் புசாரியை விட்டு வந்தேன்? "என் பொண்டாட்டி தெருவுல உக்காந்து வடை சுடக் கூடாது" என்ற மனிதர். வந்து ஆறு வருடம் ஆகிறது. அறையே போய்விட்டால் — நான் எங்க போறது?

ஏப்ரல் 20

அண்ணன் கனியு வாரியத்துக்குப் போய் வந்தான். ஊருக்கு வெளியே சுருலேரேயில் மாற்று வீடு தருவார்களாம். இரண்டே அறை. குடும்பத் தலைவருக்குத்தான்.

"எனக்கு?"

"உனக்குப் புருஷன் இருக்காருல்ல சிதிகாத்து, அங்க போகச் சொல்லுன்றான் வாரியத்து ஆளு."

"நீ என்னண்ணே சொன்னே?"

செருப்பைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டான்.

ஆகஸ்ட் 9

இடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3

சுருலேரே. அண்ணன் பிள்ளைகளோடு முன்னறையில் படுக்கை. எல்லா வீடும் ஒரே அச்சு. நேற்று யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டேன். இன்று வாசலில் அடுப்பு வைத்தேன். வாங்கத்தான் ஆளில்லை. குடியிருப்பு மேற்பார்வையாளர் மட்டும் வந்தார். "இது வீடும்மா, சந்தை இல்ல. அடுப்பை அணை."

செப்டம்பர் 17

மாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எங்கள் பழைய தெரு இருந்த லாகோஸ் தீவுக்கே போய்ப் பார்த்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் துறைமுகத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பாதி மாவு புளித்துப்போனது.

1957 பிப்ரவரி 10

அண்ணி முனிராத்துக்கு மறுபடியும் குழந்தை. "எங்கதான் படுக்கிறதுன்னு நீயே சொல்லு நாத்தனாரே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

பிப்ரவரி 16

புசாரி வந்தார். அண்ணன்தான் சொல்லி அனுப்பியிருக்கிறான்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரூம் இருக்கு, வா. நிமோத்தாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா அடுப்பு வாசலுக்கு வரக் கூடாது" என்றார். நிமோத்தா அவருடைய இளைய மனைவி.

அண்ணனைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். அழு, நல்லா அழு. நீ அழுதா எனக்கு இடம் கிடைச்சுருமா?

துணிகளை மூட்டை கட்டிவிட்டேன்.

1960 அக்டோபர் 4

சுதந்திர விழா அலங்காரம் பார்க்கப் புசாரி என்னைத் தீவுக்கு அழைத்துப் போனார். எங்கும் பச்சை வெள்ளைக் கொடி. எங்கள் தெரு இருந்த இடம் இன்னும் பொட்டலாகத்தான் கிடக்கிறது. ஒரு கட்டடம்கூட எழவில்லை. காரைவிட்டு இறங்கி, என் அறை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்தேன். புல் முளைத்திருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாரைத் தேடுறே?" என்று காரிலிருந்து கேட்டார்.

"யாருமில்லீங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.